ஒரு மணி நேரம் ஒரே மெஷின்

பழைய வீடியோ கேம்களை மட்டும் வைத்திருக்கும் ஓர் ஆர்கேடுக்கு முதல் தடவை போய்விட்டு வெளியே வந்தபோது, கூட வந்த அண்ணன் மகளிடம் "எது ரொம்பப் பிடிச்சது?" என்று கேட்டேன். பதினொரு வயதுப் பெண். கொஞ்ச நேரம் யோசித்தாள். "எல்லாமே நல்லாத்தான் இருந்தது அத்தை" என்றாள். ஒரு கேமின் பெயர்கூட அவள் வாயில் வரவில்லை. என் நிலைமையும் அதேதான். இரண்டரை மணி நேரத்தில் முப்பது மெஷின்களுக்கு மேல் தொட்டிருப்போம். மணிக்கட்டு வலித்தது, காதில் இரைச்சல் ஓயவில்லை, மனதில் எதுவும் தங்கவில்லை.

அதற்கப்புறம் அதே இடத்துக்கு இன்னும் மூன்று தடவை போனேன். முதல் நாள் ஏன் அப்படிக் கைநழுவிப் போனது என்பது கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது.

அந்த ஆர்கேடில் நுழைவுக் கட்டணம் மட்டும்தான். ஒரு தடவை கட்டிவிட்டால் மூடும்வரை எந்த மெஷினிலும் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ஆடிக்கொண்டே இருக்கலாம். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் இந்த மெஷின்கள் பிறந்தது நாணயத்துக்காக. ஒருவர் ஒரே நாணயத்தில் அரை மணி நேரம் நின்றுவிட்டால் மெஷின் வைத்திருப்பவருக்கு வருமானம் ஏது? அதனால் புதிதாக வருபவரை இரண்டு மூன்று நிமிடங்களில் தோற்கடிக்க வேண்டும், அதே சமயம் 'இன்னொரு தடவை ஆடினால் தாண்டிவிடலாம்' என்று தோன்றவும் வைக்க வேண்டும். அந்தக் கணக்கு கேமுக்குள்ளேயே இருக்கிறது. 1985இல் வந்த காண்ட்லெட் கேமில் நீங்கள் சும்மா நின்றாலும் உயிர்ச்சக்தி எண் குறைந்துகொண்டே இருக்கும். இன்னொரு நாணயம் போட்டால் கூடும்.

நாணயம் போட்டு ஆடியவர்களுக்கு ஒவ்வோர் உயிரும் கனமானது. கையில் இருப்பது நான்கு நாணயம் என்றால் எங்கே போடுவது என்று சுற்றி வந்து பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள். நாங்களோ ஓர் உயிர் போனதும் பாதியிலேயே விட்டுவிட்டு அடுத்த மெஷினுக்கு ஓடினோம். எதுவும் நம்மைத் தடுக்காதபோது எதிலும் நிற்கத் தோன்றவில்லை.

அதனால் இரண்டாம் தடவையிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். முதல் கால் மணி நேரம் எதையும் தொடுவதில்லை. முழு இடத்தையும் சுற்றிப் பார்த்து, நான்கே நான்கு மெஷின்களைத் தேர்ந்தெடுப்பேன். ஒவ்வொன்றுக்கும் மனதுக்குள் ஐந்து நாணயம். ஆரம்பித்த ஆட்டத்தைக் கடைசி உயிர்வரை ஆடிவிட்டுத்தான் கையை எடுப்பது. இவ்வளவு சின்ன மாற்றம்தான், ஆனால் அன்றைய நாளே வேறு மாதிரி ஆகிவிட்டது.

எந்த மெஷின் என்பதும் இடத்தைப் பொறுத்தது. டோக்கன் வாங்கி ஆடும் இடமாக இருந்தால், தோற்ற இடத்திலிருந்தே இன்னொரு டோக்கன் போட்டுத் தொடரும் 'கன்டினியூ' வசதி வராத காலத்துக் கேம்களில் போடுங்கள். பேக்மேன், கலாகா, ஸ்பேஸ் இன்வேடர்ஸ் போன்றவை. அவற்றில் ஒரு டோக்கன் என்பது ஒரு முழு ஆட்டம், கற்றுக்கொண்டால் அதே டோக்கன் நீளும். நாலு பேர் சேர்ந்து எதிரிகளை அடித்துக்கொண்டே முன்னேறும் கேம்கள், உதாரணமாக 1989இல் கொனாமி கொண்டுவந்த டீனேஜ் மியூட்டன்ட் நிஞ்ஜா டர்டில்ஸ், டோக்கனைக் கரைத்துவிடும். அதே கேமைக் கட்டணம் கட்டி நுழைகிற இடத்தில் ஆடினால் சொர்க்கம். எத்தனை தடவை செத்தாலும் எழுந்து, கதையின் கடைசிவரை போய்விடலாம். குடும்பமாகப் போகிறவர்கள் இப்படி ஒன்றையாவது முழுசாக ஆடி முடிக்க வேண்டும். சின்னவர் பெரியவர் வித்தியாசமில்லாமல் எல்லோரும் ஒரே பக்கம் நின்று கத்துகிற கேம் அது.

இன்னொன்று. வீட்டில் கிடைக்காததைத் தேடுங்கள். இந்தப் பழைய கேம்களில் பாதி இன்று ஃபோனில்கூடக் கிடைக்கிறது. ஆனால் 1980இல் வந்த மிசைல் கமாண்டின் கனமான உருளைப் பந்தை உள்ளங்கையால் சுழற்றி, வானத்தில் குறி வைப்பது ஃபோனில் வராது. டெம்பெஸ்ட் கேமின் சுழல் குமிழும் அப்படித்தான். விரலால் ஒரு சுண்டு சுண்டினால் திரையில் தெரியும் குழாயின் விளிம்பு முழுவதும் வழுக்கிக்கொண்டு சுற்றி வருவோம். அவுட்ரன் காரின் இருக்கையில் உட்கார்ந்து, வளைவில் அந்த இருக்கையே சாயும்போது என் அண்ணன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இதற்காகத்தான் நேரில் போக வேண்டும்.

சரி, என் குறைக்கு வருகிறேன். புதிர்ப்பாதையில் புள்ளிகளைத் தின்றுகொண்டே ஓடும் மஞ்சள் உருவத்தை நான்கு பேய்கள் துரத்தும் கேம் பேக்மேன். முதல் நாள் அதில் எனக்குத் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி தோல்வி. மேலே திரும்ப ஜாய்ஸ்டிக்கைத் தள்ளுவேன், அந்த உருவம் நேராகப் போய்ச் சுவரில் முட்டி நிற்கும், சிவப்புப் பேய் வந்து பிடித்துவிடும். எனக்கு வேகம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வந்துவிட்டேன். இரண்டாம் தடவை ஒரு வார நாள் காலையில் தனியாகப் போனேன். கூட்டமே இல்லை. மெஷின்களைப் பழுது பார்ப்பவர் ஒன்றின் பின்கதவைத் திறந்து வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். தயக்கத்தோடு அவரிடம் சொன்னேன். வந்து அரை நிமிடம் ஆடிப் பார்த்தார். "உங்க மேல தப்பு இல்லைங்க" என்றார்.

விஷயம் இதுதான். பேக்மேன் நான்கு திசை ஜாய்ஸ்டிக்குக்காகச் செய்த கேம். பழைய ஜாய்ஸ்டிக் உடைந்துபோனதும் யாரோ எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கை மாட்டியிருக்கிறார்கள். எட்டுத் திசையில் குச்சி மூலைவாக்கிலும் போய் நிற்கும். வலது பக்கம் போய்க்கொண்டே மேலே திரும்பப் பார்த்தால் மேல், வலது இரண்டும் சேர்ந்து அழுந்தும். எதைக் கேட்பது என்று கேமுக்குத் தெரியாது. இதை நீங்களே ஆடுவதற்கு முன் சோதிக்கலாம். குச்சியை மூலைப் பக்கம் மெதுவாகத் தள்ளுங்கள். நான்கு திசைக் குச்சி அங்கே நிற்க இடம் கொடுக்காது, ஏதாவது ஒரு பக்கம் வழுக்கும். எட்டுத் திசைக் குச்சி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். பேக்மேன், டாங்கி காங் இரண்டிலும் இதைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

"ஆடுறவங்க சொல்றதே இல்லை. இத்தனை மெஷினையும் தினமும் நானே ஆடிப் பார்க்க முடியுமா?" என்று அவர் கேட்டது எனக்கு உறைத்தது. ஐம்பது மெஷின்களுக்கு ஒரே ஆள். கூகுளில் ஒரு நட்சத்திரம் கொடுத்து 'பாதி மெஷின் வேலை செய்யவில்லை' என்று எழுதுகிறவர்கள் அவரிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே சரியாகியிருக்கும். சொல்லும்போது எந்த மெஷின், முதல் ஆட்டக்காரர் பக்கமா இரண்டாவதா, எந்த பட்டன், எப்போதும் வேலை செய்யவில்லையா இல்லை அவ்வப்போது மட்டுமா என்று சொன்னால் அவருக்குப் பாதி வேலை முடிந்தது. நான் மூன்றாம் தடவை போனபோது நான்கு திசைக் குச்சி மாட்டியிருந்தது. திருப்பம் வெண்ணெய் மாதிரி விழுந்தது.

அன்று அவர் வேலைக்கு நடுவே சில விஷயங்களைக் காட்டினார். படம் வருவது பழைய குழாய்த் திரையில். ஒரு மின்னணுக் கற்றை திரையின் உட்பக்கத்தில் வரி வரியாக ஓடி, நொடிக்கு ஏறக்குறைய 60 தடவை முழுப் படத்தையும் வரைகிறது. அந்த வரிகளுக்கு நடுவே உள்ள மெல்லிய இருட்டும், ஒளியின் கசிவும் சேர்ந்துதான் கட்டம் கட்டமான உருவங்களுக்கு ஒரு மென்மையைக் கொடுக்கின்றன. அதே கேமைத் தட்டைத் திரையில் பார்த்தால் கூர்மையாகத் தெரியும், ஆனால் வறண்டிருக்கும். நீங்கள் போகிற இடத்தில் குழாய்த் திரைகளா, அவற்றை எடுத்துவிட்டுத் தட்டைத் திரை மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். என்னைக் கேட்டால் கட்டணம் கொடுக்கலாமா என்பதை முடிவு செய்ய வேண்டியதே இதை வைத்துத்தான். இந்தக் குழாய்களை இப்போது யாரும் பெரிய அளவில் தயாரிப்பதில்லை. ஒன்று மங்கிப்போனால் இன்னொரு பழையதைத் தேடித்தான் போட வேண்டும். படம் ஓரத்தில் வளைந்து ஆடினால் உள்ளே மின்தேக்கிகள் காய்ந்துவிட்டன என்று அர்த்தமாக இருக்கலாம், அதை மாற்றிவிடலாம். ஒரு பழைய பேக்மேன் திரையை அணைத்துக் காட்டினார். மின்சாரம் இல்லாதபோதும் அந்தப் புதிர்ப்பாதையின் கோடுகள் கண்ணாடிக்குள் சாம்பல் நிறத்தில் தெரிந்தன. வருடக்கணக்கில் ஒரே படம் எரிந்து எரிந்து அப்படியே பதிந்துவிட்டது.

ஸ்பேஸ் இன்வேடர்ஸ் மெஷினில் "கொஞ்சம் குனிஞ்சு பாருங்க" என்றார். திரை நம் கண்ணுக்கு நேராக இல்லை. கீழே படுக்கையாக இருக்கிறது. அதன் படம் ஒரு சாய்ந்த கண்ணாடியில் பட்டு, பின்னால் வரைந்து வைத்திருக்கும் நிலவுக் காட்சியின் மேல் மிதப்பது போலத் தெரிகிறது. படம் கறுப்பு வெள்ளைதான். வண்ணத் தாள்களை ஒட்டித்தான் பச்சையும் சிவப்பும் வரவழைத்திருக்கிறார்கள். 1978இல் டைட்டோ நிறுவனத்தில் தொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கியது. முதலில் 55 வேற்றுக்கிரக உருவங்கள் வரிசையாக மெதுவாக நகரும். சுடச் சுட எண்ணிக்கை குறையும், மிச்சம் இருப்பவை வேகமாகும். கடைசி ஒன்று பாய்ந்து பாய்ந்து ஓடும். அன்றைய சிப்புக்கு 55 உருவங்களை வரைவது பெரும் சுமை. குறையக் குறையச் சுமை குறைந்து வேகம் தானாகக் கூடியது. நிஷிகாடோ அதைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார். நான்கே சுரங்களில் அடிக்கும் அந்தத் தாளமும் கூடவே வேகமாகும்போது நம் நெஞ்சு படபடப்பதை இன்றும் தடுக்க முடியவில்லை.

மூன்றாம் தடவை அண்ணன் மகளையும் கூட்டிக்கொண்டு போய், சரி செய்த பேக்மேன் முன்னால் ஒரு மணி நேரம் நின்றேன். முழுசாக ஒரு மணி நேரம். ஒரு கேமுக்குள் இவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நாற்பது நிமிடங்களுக்குப் பிறகுதான் அந்த நான்கு பேய்களும் நான்கு விதமாக நடந்துகொள்கின்றன என்பது கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. சிவப்பு நம்மையே குறி வைத்துத் துரத்தும். பிங்க் நமக்கு முன்னால் போய் மறிக்கப் பார்க்கும். நீலம் சிவப்பு இருக்கும் இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுவதால் அதை ஊகிப்பது கஷ்டம். ஆரஞ்சு கிட்டே வந்துவிட்டுத் தன் மூலைக்குத் திரும்பும். தோரு இவாதானி 1980இல் இப்படி வடிவமைத்ததால்தான் நான்கும் ஒரே வரிசையாக நம் பின்னால் வராமல் சுற்றி வளைக்கின்றன. அப்புறம், அவை எப்போதும் துரத்துவதும் இல்லை. முதல் கட்டத்தில் ஆரம்ப 7 நொடிகள் தம் தம் மூலைகளுக்குப் போகும், அடுத்த 20 நொடிகள் துரத்தும், பிறகு மறுபடி 7 நொடிகள் மூலைக்கு. மாறும் நேரத்தில் எல்லாம் ஒரே சமயத்தில் திரும்பி எதிர்ப்பக்கம் நடக்கும். துரத்திக்கொண்டிருக்கும்போது அப்படித் திரும்பினால் மூச்சு விட நேரம் கிடைத்தது என்று அர்த்தம். பக்கவாட்டுச் சுரங்கத்தில் பேய்கள் மெதுவாகத்தான் வரும், நாம் வேகமாகப் போய்விடலாம். திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்பே குச்சியைத் திருப்பி வைத்துக்கொண்டால் பேயைவிட வேகமாக வளையலாம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு தப்பிக்க ஓடுவதை விட்டுவிட்டு, வேண்டுமென்றே நிறைய வளைவுகள் இருக்கும் பக்கம் பேய்களை இழுத்தேன். ஒரு மணி நேரத்துக்கு முன்பு முதல் கட்டம் தாண்டாதவள், ஆறாவது கட்டம் பார்த்தேன்.

அந்த நேரத்தில் அண்ணன் மகள் என் பக்கத்தில் இல்லை. தேடினால், விண்வெளியில் விமானத்தை ஓட்டி எதிரிகளைச் சுடும் கலாகா கேமை ஆடிக்கொண்டிருந்த அறுபது வயதைத் தாண்டிய ஒருவரின் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னேன். ஆடுபவரின் தோளுக்கு நேர் பின்னால் நின்றால் நம் உருவம் திரைக் கண்ணாடியில் தெரியும், அவருக்கு அது பெரிய தொல்லை. பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். ஃபோனில் பளிச்சென்று ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. நடுவில் பேச்சுக் கொடுக்காமல் உயிர் போகும்வரை காத்திருந்து கேட்க வேண்டும். இவ்வளவு கவனித்தால் போதும், பழைய ஆட்டக்காரர்கள் சொல்லித்தர மாட்டேன் என்று சொன்னதை நான் பார்த்ததே இல்லை.

அவர் ஒரு வேடிக்கையான வேலை செய்தார். வேண்டுமென்றே தன் விமானத்தை எதிரித் தலைவனின் ஒளிக்கற்றைக்குள் கொண்டுபோய்ப் பிடிபட வைத்தார். அண்ணன் மகள் "ஐயோ" என்று கத்திவிட்டாள். அடுத்த உயிரில், அந்தத் தலைவன் பிடித்த விமானத்தோடு பாய்ந்து இறங்கும் தருணம் பார்த்துச் சுட்டார். மாட்டிய விமானம் விடுபட்டு வந்து பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. இனி இரட்டைத் துப்பாக்கி. ஆட்டம் முடிந்ததும் அவளைக் கூப்பிட்டு விளக்கினார். "கடைசி உயிர் மட்டும் மிச்சம் இருக்கும்போது இதைப் பண்ணாதே கண்ணு, ஆட்டமே முடிஞ்சிடும். இன்னொண்ணு, ஒத்தை விமானம் இருந்தா ஒரே நேரத்துல ரெண்டு குண்டுதான் திரையில இருக்க முடியும். ரெண்டும் வீணாப் போச்சுன்னா அது மேல போய் மறையற வரைக்கும் நீ சும்மா நிக்கணும். அதனால படபடன்னு அழுத்தாதே."

ஆட்டம் முடிந்ததும் கலாகா எத்தனை குண்டு சுட்டோம், எத்தனை பட்டது, சதவீதம் எவ்வளவு என்று காட்டும். அவள் அதைத் தன் பாடமாக வைத்துக்கொண்டாள். மதிப்பெண்ணைப் பார்க்கவே இல்லை, சதவீதத்தை மட்டும் பார்த்தாள். அது ஏற ஏற மதிப்பெண் தானாக ஏறியது.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கிறோம், அதனால் பழகிய செருப்பு. குச்சியை இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு போய்விடும், விரல் நுனிகளால் லேசாகப் பிடித்தாலே போதும். குள்ளமான குழந்தைகளுக்கு முக்காலி இருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் ஓர் ஓரத்தில் வைத்திருப்பார்கள். சத்தம் அதிகம், சின்னக் குழந்தைகளோடு போனால் மணிக்கு ஒரு தடவை வெளியே வந்து உட்காருங்கள். மினுக்கும் வெளிச்சத்தால் வலிப்பு வரும் தன்மை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகவே வேண்டாம். குடிக்கிற எதையும் கேமின் பலகைமேல் வைக்கக் கூடாது, சிந்தினால் பட்டன்களுக்குள் இறங்கிவிடும். படம் எடுத்தால் திரையில் கறுப்புப் பட்டை விழும். ஷட்டர் வேகத்தை 1/60 அல்லது அதற்கும் மெதுவாக வைத்தால் விழாது. முடிந்தால் வார நாளில் திறந்தவுடன் போய்விடுங்கள்.

நான்காம் தடவை போனது ஒரு ஞாயிறு மாலை. கூட்டம் அதிகம், அண்ணன் மகளுக்குக் கலாகா கிடைக்கவே நெடுநேரம் ஆனது. மூடுவதற்குக் கொஞ்சம் முன்பு அவளுக்கு ஓர் ஆட்டம் அமைந்தது. இரட்டை விமானத்தோடு, எதிரிகள் சுடாமல் பறந்து மட்டும் போகும் அந்த விசேஷக் கட்டத்தில் 40க்கு 40 அடித்தாள். ஆட்டம் முடிந்தபோது அன்றைய ஐந்து பேர் பட்டியலில் அவள் ஐந்தாவது. குச்சியைத் திருப்பித் திருப்பித் தன் பெயருக்கு மூன்று எழுத்துகளைப் போட்டாள். பழுது பார்ப்பவர் மூலையிலிருந்து ஒவ்வொரு மெஷினாக அணைத்துக்கொண்டு வந்தார்.

அணைத்தால் இந்தப் பட்டியல் அழிந்துவிடும். அந்தக் காலத்து மெஷின்கள் பல மதிப்பெண்ணை மின்சாரம் இருக்கும்வரைதான் நினைவில் வைத்திருக்கும். அவளுக்கும் அது தெரியும். "அத்தை, நாளைக்கு இது இருக்காது இல்ல?" என்றாள்.

அதற்காகவே அங்கே கல்லாவில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். மெஷின் பெயர், மூன்று எழுத்து, மதிப்பெண், தேதி. கடைசி இடம் சாட்சியின் கையெழுத்துக்கு. கூட வந்தவர்கள் கையெழுத்துப் போடக் கூடாது, ஆட்டத்தை நின்று பார்த்த வேறு யாராவது போட வேண்டும். கல்லாவில் இருந்த பெண் எல்லாவற்றையும் எழுதிவிட்டு, "யார் பார்த்தாங்க?" என்று கேட்டார். நான் கையைத் தூக்க முடியாது. அண்ணன் மகள் திரும்பிப் பார்த்தாள்.

கதவருகே செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அந்தக் கலாகா பெரியவர், "நான் பார்த்தேன்மா, முதல்லேருந்து" என்று சொல்லிக்கொண்டே பேனாவுக்குக் கையை நீட்டினார்.